பாட்டன் வைத்த துப்பாக்கி: பொக்கிஷமா, குற்றமா?

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் இருக்கிறது அருள்புரம். பனியன் கம்பெனிகளும் சாயப் பட்டறைகளும் நிறைந்த ஊர். வேலை தேடி வெளியூரிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கு வாடகைக்கு விட லைன் வீடுகள் எழும்புகின்றன. அதற்காகப் பழைய ஓட்டு வீடுகள் இடிபடுகின்றன.

அப்படி ஒரு வீடு இடிபடுவதாக வைத்துக்கொள்வோம். ஓட்டைப் பிரித்தாகிவிட்டது. அட்டாலியில் கிடந்த சாமான்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்குகிறார்கள். உடைந்த உரி, பித்தளைப் படி, துருப்பிடித்த அரிவாள். கடைசியில் ஒரு கோணிப்பை. அதைப் பிரித்த பேரன் திகைத்து நிற்கிறான். உள்ளே இருப்பது ஒரு கைத்துப்பாக்கி!

"இது என்னங்க அப்பத்தா?"

"எங்க மாமனாரோட பாட்டனார் வெச்சிருந்ததுன்னு சொல்லுவாங்க கண்ணு. அவரு மணியம் பாத்தவரு. தொடாதே, அப்படியே வெய்யி!"

"எதுக்குங்கம்மா வம்பு? பழைய இரும்புக் கடையில போட்டுரலாம்" என்கிறார் மகன்.

"போலீசுக்குத் தெரிஞ்சா என்னங்க ஆகும்?" என்று நடுங்குகிறாள் மருமகள்.

"அமெரிக்காவுல இதுக்கெல்லாம் கோடிக்கணக்குல குடுக்கறாங்களாமுங்க!" என்று கண்ணை அகல விரிக்கிறான் பேரன்.

ஒரே துப்பாக்கி. அதைப் பற்றி நாலு பேருக்கு நாலு எண்ணம். இதில் யார் சொல்வது சரி?

பேரன் சொன்னது பொய்யல்ல

முதலில் பேரன் பேச்சை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகளைச் சேகரிப்பது பெரிய பொழுதுபோக்கு. அதைவிடப் பெரிய வியாபாரம். அதிலும் அந்த நாட்டின் மேற்கு எல்லை விரிந்துகொண்டே போன 19-ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிகளுக்குத் தனி மவுசு.

தமிழர்களுக்கும் அந்தக் காலம் புதிதல்ல. ஜெய்சங்கர் தொப்பி அணிந்து குதிரையில் பாய்ந்து வந்த 'கங்கா', 'ஜக்கம்மா' படங்கள் 1972-இல் ஓடின. சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் என்ற வீரனின் சாகசங்களைப் படித்து வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கதைகளில் இடுப்பில் தொங்குமே ஒரு துப்பாக்கி, அதுதான் இது.

அதைப் பிரபலமாக்கியவர் சாமுவேல் கோல்ட் என்ற அமெரிக்கர். அதற்கு முன்பு கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் ஒரு தடவைதான் சுடும். சுட்டதும் குழலில் மருந்தைக் கொட்ட வேண்டும். குண்டைப் போட்டு இடிக்க வேண்டும். அதற்குள் எதிரி பாய்ந்துவிடுவான். கோல்ட் சுழலும் உருளை ஒன்றை வைத்தார். அதில் வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு குண்டு. ஒன்று வெடித்ததும் அடுத்தது குழலுக்கு நேரே வந்து நிற்கும். 1836-இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

ஆனால் அவருடைய முதல் கம்பெனி நொடித்துப் போயிற்று! அவரைக் கைதூக்கிவிட்டது யுத்தம். அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் 1846-இல் போர் மூண்டது. டெக்சாஸ் படையைச் சேர்ந்த காப்டன் சாமுவேல் வாக்கர், "இன்னும் பலமான துப்பாக்கி வேண்டும்" என்று கேட்டார். 1847-இல் பிறந்தது 'கோல்ட் வாக்கர்'. ஆறு குண்டுகள், எடை ஏறக்குறைய 2 கிலோ! மொத்தம் செய்தவை சுமார் 1,100. அவற்றில் 1,000 ராணுவத்துக்குப் போயின.

பிறகு 1873-இல் அமெரிக்க ராணுவம் வேறொரு கோல்ட் துப்பாக்கியை ஏற்றது. அதுவே சினிமாவில் நாம் பார்க்கும் கௌபாய் துப்பாக்கி.

இவற்றின் விலை இன்று என்ன? நல்ல பெட்டியோடு தப்பிப் பிழைத்த ஒரு கோல்ட் வாக்கர் 2018-இல் ஏலத்துக்கு வந்தது. 18 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. 2021-இல் வந்த இன்னொரு கோல்ட், 60 லட்சம் டாலரைத் தாண்டியது. நம் பணத்தில் 40 கோடி ரூபாய்க்கு மேல்! பில்லி த கிட் என்ற பேர்போன கொள்ளைக்காரனை 1881-இல் பாட் காரெட் என்ற ஷெரீப் சுட்டுக் கொன்ற துப்பாக்கி அது.

இரும்புக்கு விலையில்லை, கதைக்குத்தான் விலை

40 கோடி ரூபாய் எதற்கு? இரும்புக்கா? இல்லை. அதே மாதிரித் துப்பாக்கிகள் லட்சக்கணக்கில் செய்யப்பட்டன. அந்த ஒன்றை மட்டும் உயர்த்தியது அதன் வரலாறு. யார் கையில் இருந்தது, யாருக்குப் போயிற்று என்பதற்கு ஆதாரம் இருந்தது.

அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் துப்பாக்கியைப் பார்ப்பதைவிட அதன்மேல் உள்ள எழுத்துகளைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். ராணுவத்துக்குப் போன துப்பாக்கியில் அரசாங்க முத்திரை இருக்கும். அதைச் சோதித்த அதிகாரியின் பெயர் முதலெழுத்துகள் இருக்கும். வரிசை எண் இருக்கும். அந்த எண்ணைக் கோல்ட் கம்பெனிக்கு எழுதிக் கேட்டால், பழைய பேரேட்டில் பதிவு இருக்கும்பட்சத்தில், அது எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் கொடுப்பார்கள். கடிதம் உள்ள துப்பாக்கிக்கு மதிப்பு அதிகம்.

இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. மேற்கு எல்லை விரிந்தது என்றால், அங்கே காலங்காலமாக வாழ்ந்த பழங்குடி மக்களின் நிலம் சுருங்கியது என்று பொருள். 1890 டிசம்பர் 29 அன்று ஊண்டட் நீ என்ற இடத்தில் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கான பழங்குடியினரை ராணுவம் சுட்டுக் கொன்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கும் துப்பாக்கி ஒருவருக்குப் பெருமை. இன்னொருவருக்கு ஆறாத புண். கதையை முழுதாகச் சொன்னால்தான் சேகரிப்புக்கு மரியாதை.

நம் நாட்டிலும் ஒரு கோல்ட்!

கோல்ட் துப்பாக்கிக்கும் இந்தியாவுக்கும் உறவு உண்டு. கோல்ட் 1853-இல் லண்டனிலேயே ஒரு தொழிற்சாலை திறந்தார். இந்தியாவிலிருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் சொந்தக் காசில் ரிவால்வர் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்கள்.

ஆனால் நம் மனத்தைத் தொடும் கோல்ட் வேறு. 1928 டிசம்பர் 17 அன்று லாகூரில் சாண்டர்ஸ் என்ற போலீஸ் அதிகாரி சுடப்பட்டார். லாலா லஜபதி ராய் தடியடிபட்டு இறந்ததற்குப் பழி வாங்கினார்கள் பகத் சிங்கும் தோழர்களும். அந்த வழக்கில் பகத் சிங்குடையது என்று குறிக்கப்பட்ட கைத்துப்பாக்கி அமெரிக்காவில் செய்த கோல்ட்!

1931-இல் பகத் சிங் தூக்கு மேடை ஏறினார். துப்பாக்கி என்ன ஆயிற்று? இந்தூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் காட்சிசாலையில், மற்ற ஆயுதங்களோடு ஒன்றாகப் பல்லாண்டுகள் இருந்தது. அது யாருடையது என்று பார்த்தவர்களுக்குத் தெரியாது. மேலே பூசிய கறுப்பு வர்ணம் எண்ணை மறைத்திருந்தது. வர்ணத்தைச் சுரண்டி, எண்ணை வழக்கு ஆவணத்தோடு ஒப்பிட்டார்கள். அதுதான்! 2017-இல் அது பஞ்சாபில் பகத் சிங் நினைவிடம் உள்ள ஹுசைனிவாலாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

எண் அழிந்திருந்தால்? ஆவணம் தொலைந்திருந்தால்? அது வெறும் பழைய துப்பாக்கியாகவே மூலையில் கிடந்திருக்கும்.

தமிழ்நாட்டு ஆயுதங்கள் எங்கே போயின?

கட்டபொம்மன், மருது சகோதரர்கள், தீரன் சின்னமலை என்று எத்தனை வீரர்கள் இங்கே கும்பினிப் படையோடு மோதினார்கள்! அவர்கள் ஆட்கள் பிடித்த துப்பாக்கிகள் வீட்டுக்கு வீடு அல்லவா இருக்க வேண்டும்? ஏன் இல்லை?

காரணம் இதுதான். 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் கும்பினி அரசாங்கம் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று பிரகடனம் செய்தது. கோட்டைகளை இடித்தது. ஆயுதங்களைப் பறித்தது. கொங்கு நாட்டில் ஓடாநிலையிலும் அரச்சலூரிலும் போரிட்ட தீரன் சின்னமலை 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்.

தஞ்சாவூர்க் கதை இன்னும் வேதனை. மராட்டிய மன்னர்களின் ஆயுத சாலையில் வாளும் ஈட்டியும் துப்பாக்கியும் குவிந்து கிடந்தன. 1855-இல் மன்னர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். ராஜ்யம் வெள்ளையர் கைக்குப் போயிற்று. சில ஆண்டுகளில் அந்த ஆயுதங்களில் பொறுக்கி எடுத்தவை மட்டும் சென்னை மியூசியத்துக்கு வந்தன. மிச்சம்? உடைத்துப் பழைய உலோகமாக விற்றுவிட்டார்கள்! எழும்பூர் மியூசியத்தில் தஞ்சாவூர் ஆயுதங்களைப் பார்த்து வியக்கிறோமே, அவை தப்பிப் பிழைத்த கொஞ்சம்தான்.

1878-இல் வந்தது ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம். இந்த ஓரவஞ்சனையை அகிம்சை போதித்த காந்தியடிகளே கண்டித்தார். மணியக்காரர், மிட்டாதார் என்று அரசாங்கத்துக்கு வேண்டியவர்கள் கையில்தான் லைசென்ஸ் துப்பாக்கி தங்கிற்று. மற்ற ஜனங்கள் வெறுங்கையோடு நின்றார்கள். 1932 ஜனவரியில் திருப்பூர்க் குமரன் போலீஸ் தடிக்கு முன்னால் நின்றபோது அவர் கையில் இருந்தது ஒரு கொடி.

ஆகவே, அருள்புரம் போன்ற ஊரில் ஒரு பழைய துப்பாக்கி அகப்படுகிறது என்றால், அது இரண்டு நூற்றாண்டுப் பறிமுதலுக்குத் தப்பிய பொருள். அப்பத்தா "அப்படியே வெய்யி" என்று சொன்னதில் அர்த்தம் இருக்கிறது.

மருமகளின் பயமும் நியாயம்

சரி, அப்படியே வைத்துக்கொள்ளலாமா? இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது.

சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959-இல் இயற்றப்பட்டது. 1962 அக்டோபர் முதல் அமலில் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. 1983-இல் வந்த திருத்தப்படி ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் அதை இரண்டாகக் குறைத்தது. முதலில் ஒன்றுதான் என்று மசோதாவில் இருந்தது. எதிர்ப்பு வந்ததால் இரண்டாயிற்று. பாட்டன் சொத்தாக வந்தாலும் இதே கணக்குத்தான். மூன்றாவது வைத்திருந்தவர்கள் ஒரு வருஷத்துக்குள் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

லைசென்ஸ் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்து அகப்பட்டால், பொதுவாக இரண்டு வருஷத்துக்குக் குறையாத ஜெயில். ஐந்து வருஷம் வரை போகலாம்.

அப்படியானால் பழம்பொருளுக்கு விலக்கே கிடையாதா? உண்டு. சட்டத்தின் 45-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. வழக்கொழிந்த மாதிரியாக இருக்கலாம், பழம்பொருள் மதிப்பு உள்ளதாக இருக்கலாம், பழுதானதாக இருக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. ரிப்பேர் செய்தாலும் அதைக் கொண்டு சுட முடியாது என்று இருக்க வேண்டும்! அப்போதுதான் இந்தச் சட்டம் அதைத் தொடாது.

இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டு மத்திய சட்டம் துப்பாக்கியின் வயதைப் பார்க்கிறது. 1898-இலோ அதற்கு முன்போ செய்ததா? அது பழம்பொருள், போ என்று விட்டுவிடுகிறது. நம் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, "இதைச் சரிசெய்து சுட முடியுமா?" என்று கேட்கிறது.

அருள்புரத்துக் குடும்பத்துக்கு இதற்குப் பதில் எப்படித் தெரியும்? பேரனுக்குத் தெரியாது. அப்பத்தாவுக்கும் தெரியாது. துப்பாக்கி மராமத்து தெரிந்தவர்தான் சொல்ல முடியும். அவரிடம் யார் எடுத்துக்கொண்டு போவது? வழியில் போலீஸார் நிறுத்தினால் என்ன சொல்வது? பயம் வந்துவிடுகிறது. பயம் வந்தால் மனிதன் இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்கிறான். ஒளித்து வைக்கிறான், அல்லது ஒழித்துக் கட்டுகிறான். இரண்டுமே தவறு.

இரும்புக் கடை ஏன் கூடாது?

மகன் சொன்ன யோசனையில் இரண்டு ஆபத்து. ஒன்று, துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாமல் விற்பதும் குற்றம்தான். இரும்புக் கடைக்காரரையும் சேர்த்து மாட்டிவிடுவதாகும்.

இரண்டாவது, உயிராபத்து. பழைய துப்பாக்கிகளைக் குழலின் வாய் வழியாகத்தான் நிரப்புவார்கள். மருந்து, குண்டு, அடைப்பு என்று இடித்துவிட்டால் வெளியே பார்த்து ஒன்றும் தெரியாது. அப்படி நிரப்பியபடியே அட்டாலியில் போட்டவை உண்டு. ஈரம் படாத கருமருந்து நூறு ஆண்டு கழித்தும் வெடிக்கக்கூடியது! அதை உலையில் போட்டால் என்ன ஆகும்? குழந்தை விளையாட்டாக விசையை இழுத்தால் என்ன ஆகும்?

துப்பாக்கியின் பக்கவாட்டில் இருக்கும் தட்டைப் பார்த்தால் ஓரளவு வயது தெரியும். எரியும் திரியால் மருந்தைப் பற்றவைத்தது மிகப் பழைய வகை. பிறகு சக்கிமுக்கிக் கல் வந்தது. கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும். 19-ஆம் நூற்றாண்டில் கேப்பு வந்தது. தீபாவளிக்குக் குழந்தைகள் வெடிக்கும் பொட்டு வெடி இருக்கிறதே, அதே தத்துவம்தான். சின்னச் செப்புத் தொப்பிக்குள் வெடிமருந்து. சுத்தியல் அடித்ததும் பொறி.

அந்தத் தட்டில் இதய வடிவத்துக்குள் எழுத்துகள் இருந்தால் அது கும்பினியின் பழைய முத்திரை. நிமிர்ந்து நிற்கும் சிங்கம் இருந்தால், கும்பினி 1808 வாக்கில் மாற்றிய முத்திரை. ஆனால் முத்திரை ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. போலி முத்திரைகளும் உலகத்தில் உண்டு.

பக்கத்துக் குடகில் வேறு நியாயம்

இதே இந்தியாவில், நம் பக்கத்துக் குடகு நாட்டில், நிலைமை வேறு. அங்கே துப்பாக்கி குடும்பச் சின்னம். குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கிச் சுடுவார்கள். கைல்போதுப் பண்டிகையில் ஆயுதங்களுக்குப் பூப்போட்டுக் கும்பிடுவார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே குடவர்களுக்கும் ஜம்மா நிலம் உள்ளவர்களுக்கும் லைசென்ஸ் விலக்கு உண்டு. 2019-இல் மத்திய அரசாங்கம் அதை 2029 அக்டோபர் வரை நீட்டியது. கர்நாடக ஹைகோர்ட்டும் 2021-இல் அந்த விலக்கு செல்லும் என்றது.

அதற்காகத் தமிழ்நாட்டிலும் வீட்டுக்கு வீடு துப்பாக்கி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. மலையோரக் கிராமங்களில் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியோடு வேட்டைக்குப் போகிறவர்களை வனத்துறையும் போலீஸாரும் பிடிக்கும் செய்தி அடிக்கடி வருகிறது. பன்றிக்கு வைத்த குறி மனிதன்மேல் பட்டதும் உண்டு. "இது என் பாட்டன் காலத்தது" என்று சொல்லி ஓடுகிற துப்பாக்கியை ஒளித்துக்கொள்ள வழி விட்டால் ஆபத்து யாருக்கு? நமக்குத்தான். சட்டம் கண்டிப்பாக இருப்பதில் நியாயம் இருக்கிறது.

குடகு காட்டும் பாடம் வேறு. துப்பாக்கி யாரிடம், எத்தனை, என்ன கதை என்று வெளிச்சத்தில் இருந்தால் பயத்துக்கு இடமில்லை என்பதே அந்தப் பாடம்.

என்ன செய்யலாம்?

வீட்டில் பழைய துப்பாக்கி கண்ணில் பட்டால் செய்ய வேண்டியவை இவை:-

விசையையும் சுத்தியலையும் தொடக் கூடாது. குழலின் வாய்க்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது. நிரப்பிய துப்பாக்கி என்றே நினைத்து நடக்க வேண்டும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. புளி போட்டு விளக்கக் கூடாது. தேய்த்தால் முத்திரையும் எண்ணும் அழிந்துவிடும். அதோடு கதையும் அழிந்துவிடும்.

இருக்கும் இடத்திலேயே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, போலீஸ் நிலையத்துக்குத் தாமதிக்காமல் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பழைய லைசென்ஸ் புத்தகம், பட்டா, கடிதம் எது இருந்தாலும் எடுத்து வைக்க வேண்டும். லைசென்ஸ் இருந்த வீட்டுப் பெரியவர் காலமாகியிருந்தால், வாரிசு துப்பாக்கியை உடனே ஒப்படைத்து, தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். லைசென்ஸ் கொடுப்பவர் மாவட்டத்தில் கலெக்டர். பெருநகரத்தில் போலீஸ் கமிஷனர். ஒப்படைக்கும்போது ரசீது வாங்க மறக்கக் கூடாது.

வெளிநாட்டில் விற்றுக் கோடீஸ்வரனாகலாம் என்ற கனவு வேண்டாம். நூறு ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பத்தாவை உட்கார வைத்து அவருக்குத் தெரிந்ததை எழுதிக்கொள்ள வேண்டும். யாருடையது, எந்த ஊரில், எப்படி வந்தது? கோல்ட் கம்பெனியின் பேரேடு அமெரிக்கத் துப்பாக்கிக்குப் பேசுகிறது. நம் துப்பாக்கிக்குப் பேரேடு அப்பத்தாவின் ஞாபகம்தான்.

அரசாங்கம் திறக்க வேண்டிய கதவு

குடும்பம் தன் கடமையைச் செய்தால், அரசாங்கமும் ஒரு கதவைத் திறந்து வைக்க வேண்டாமா?

இன்று ஒப்படைக்கிற துப்பாக்கிக்கு என்ன கதி என்று ஜனங்களுக்குத் தெரிவதில்லை. சரித்திர மதிப்பு உண்டா என்று பார்ப்பார்களா, உருக்கிவிடுவார்களா என்ற சந்தேகம். அந்தச் சந்தேகமே பலரை வாய் திறக்காமல் வைத்திருக்கிறது.

இதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒரு நாள், மாவட்டத் தலைநகரில் ஒரு முகாம் போடலாம். போலீஸ் அதிகாரி ஒருவர், மியூசியம் அதிகாரி ஒருவர், துப்பாக்கி மராமத்து தெரிந்தவர் ஒருவர் உட்காரலாம். தாமாக வந்து சொல்பவர்மீது வழக்கு இல்லை என்று முன்கூட்டியே அறிவிக்கலாம். சுடக்கூடியது என்றால் லைசென்ஸ் வழியில் போகட்டும். இனி சுடவே முடியாது என்றால் அப்படி ஒரு சான்றிதழ் கொடுத்து வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம். சரித்திர மதிப்பு உள்ளதை, கொடுத்தவர் பெயரோடு, கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம்.

வைக்க இடமா இல்லை? சென்னைக் கோட்டை மியூசியம் 1948 முதல் இருக்கிறது. கோயமுத்தூரில் பழைய ஹாமில்டன் கிளப் கட்டடத்தில் போலீஸ் மியூசியம் இருக்கிறது. எழும்பூரில் பழைய போலீஸ் கமிஷனர் ஆபீஸ் 2021-இல் மியூசியமாயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போய்ப் பார்க்கிறார்கள். அங்கே "அருள்புரம் குடும்பம் ஒன்று கொடுத்தது" என்று ஒரு சீட்டு இருந்தால், அந்த ஊர்ப் பிள்ளைக்குத் தலை நிமிராதா?

சட்டத்தைத் தளர்த்த வேண்டியதில்லை. சட்டத்துக்குள் இருக்கிற வழியைச் சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி காட்டினால் போதும்.

நாலு பேரும் சொன்னது

மீண்டும் அந்த இடிந்த வீட்டு முற்றத்துக்கு வருவோம். கோணிப்பை திறந்தபடி கிடக்கிறது. பேரன் சொன்ன விலை உண்மை. ஆனால் கதையும் ஆதாரமும் இருந்தால்தான் அந்த விலை. மருமகளின் பயம் நியாயம். ஆனால் ஒளித்தால் பயம் தீராது, தெரிவித்தால் தீரும். மகனின் யோசனைதான் ஒதுக்கித் தள்ள வேண்டியது. தஞ்சாவூர் ஆயுத சாலையில் வெள்ளைக்காரன் செய்ததை நாமே நம் வீட்டில் செய்வானேன்?

அப்பத்தா சொன்னதோ பாதிதான் சரி. தொடாமல் வைப்பது நல்லது. யாருக்கும் சொல்லாமல் வைப்பது நல்லதல்ல.

லாரி வந்து நிற்கிறது. ஓட்டையும் மரத்தையும் ஏற்றுகிறார்கள். பழைய இரும்பு எடுப்பவரும் தராசோடு வாசலில் காத்திருக்கிறார். அரிவாளை அவரிடம் போடலாம். பித்தளைப் படியையும் மனம் வந்தால் போடலாம். கோணிப்பைக்கு மட்டும் வேறு வழி. பேரன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அப்பத்தாவின் பக்கத்தில் உட்கார வேண்டும். மகன் சட்டையை மாட்டிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும்.